வானவெளியும் வாய்ச்சொல்லும்

தரையிலே செல்லும் வண்டிக்குப் பாதை உண்டு. பாதைக்கு ஓரம் உண்டு. முச்சந்தியிலே கைகாட்டியும் உண்டு. ரயிலுக்கோ தண்டவாளமே காவல். கடலிலே செல்லும் கப்பல், எதிரே மற்றொரு கப்பலைக் கண்டால் வேகத்தைக் குறைத்து விலகிக்கொள்ள அவகாசம் உண்டு. ஆகாயத்திலோ பாதை இல்லை, வேலி இல்லை, பறக்கின்ற விமானம் சற்றே நின்று யோசிக்கவும் இயலாது. அப்படியிருந்தும், ஒவ்வொரு நாளும் பல்லாயிரக்கணக்கான விமானங்கள் ஒன்றையொன்று கடந்து சென்று பத்திரமாக இறங்குகின்றன. இது எவ்வாறு கைகூடுகிறது?

“ராடார் இருக்கிறது, கணிப்பொறி இருக்கிறது” என்று நீங்கள் விடை சொல்லக்கூடும். அந்த விடை தவறன்று. ஆனால் முழுமையானதும் அன்று. அக்கருவிகள் காட்டுவதைக் கொண்டு ஒரு மனிதர் முடிவு செய்கிறார். அம்முடிவைத் தம் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு மனிதரிடம் வாயால் சொல்கிறார். அவர் அதைக் காதால் கேட்டு நடக்கிறார். வானவெளியின் காவல் இந்தச் சொல்லிலேதான் இருக்கிறது. அச்சொல் எவ்வாறு காக்கப்படுகிறது, அந்தக் காவல் தளர்ந்த வேளையில் என்ன நேர்ந்தது என்பவற்றை இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், பாரிஸ் நகரிலிருந்து லண்டனை நோக்கிப் பிரெஞ்சுப் பிரயாணி விமானம் ஒன்று புறப்பட்டது. லண்டனை அடுத்த குராய்டன் நிலையத்திலிருந்து பாரிஸை நோக்கி ஆங்கில விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அக்காலத்து விமானிகள் தரையிலுள்ள சாலையையும் இருப்புப் பாதையையும் பார்த்தே வழி கண்டு சென்றனர். அன்று வானிலை மங்கியிருந்தமையால் இருவரும் தாழப் பறந்தனர். இருவரும் ஒரே சாலையையே பின்பற்றினர். வடபிரான்சில் பிக்கார்டிப் பகுதியில் அவை நேருக்கு நேர் மோதின. எழுவர் மாண்டனர். பிரயாணப் போக்குவரத்து விமானங்கள் இரண்டு ஆகாயத்தில் மோதிக்கொண்டது அதுவே முதன்முறை. ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்ல அன்று எவரும் இல்லை.

சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்லவே வளர்ந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து விமான நிலையத்தில், 1929ஆம் ஆண்டு ஆர்ச்சி லீக் என்பவர் இப்பணிக்கு நியமிக்கப்பட்டார். அவருடைய கருவிகள் யாவை என்று எண்ணுகிறீர்கள்? இரண்டு கொடிகள்! ஒன்று சிவப்பு, மற்றொன்று கட்டம் போட்டது. ஒரு கைவண்டியில் நாற்காலியையும் கொடிகளையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடுபாதையின் அருகே சென்று அமர்வார். கட்டக் கொடியைக் காட்டினால் “செல்லலாம்”. சிவப்புக் கொடியைக் காட்டினால் “பொறு”. அடுத்த ஆண்டு, 1930இல், கிளீவ்லாந்து நகரத்து விமான நிலையத்துக் கோபுரத்தில் வானொலிக் கருவி வைக்கப்பட்டது. அன்றுமுதல் கொடியின் இடத்தைச் சொல் பிடித்துக்கொண்டது.

கண் இருக்கும்போது சொல் எதற்கு? விமானி எதிரே பார்த்து விலகிக்கொள்ளக் கூடாதா? இதற்குக் கணக்கு விடை கூறும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு ஜெட் விமானங்கள் எதிரெதிரே வந்தால், அவற்றின் இடைவெளி மணிக்கு 1,800 கிலோமீட்டர் வீதம் குறைகிறது. அதாவது ஒரு விநாடிக்கு அரைக் கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புள்ளியாகத் தோன்றும் விமானம் பத்தாவது விநாடியில் மூக்கோடு மூக்காக வந்து நிற்கும். கண்டு, உணர்ந்து, முடிவு செய்து, கனத்த யந்திரத்தைத் திருப்புவதற்குள் காலம் கடந்துவிடும். ஜெட் விமானங்களைக் காட்டிலும் வேகம் குறைந்த விமானங்களுக்கே இது நேர்ந்தது. 1956ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அமெரிக்காவின் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் மேல், 21,000 அடி உயரத்தில், கண்ணையே நம்பிச் சென்ற இரண்டு பிரயாணி விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். அவ்வதிர்ச்சி அமெரிக்க வானவெளி நிர்வாகத்தையே மாற்றியமைத்தது. 1958ஆம் ஆண்டில் அதற்கெனத் தனி அமைப்பை உண்டாக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

ஆகவே, கண்ணுக்கு எட்டுமுன்பே விமானங்களைப் பிரித்து வைத்தல் வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன: ஒன்றின்மேல் ஒன்றாக உயரத்தால் பிரிப்பது, பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ தூரத்தால் பிரிப்பது, ஒரே புள்ளியை வெவ்வேறு நேரத்தில் கடக்கச் செய்து காலத்தால் பிரிப்பது. இவற்றுள் ஏதேனும் ஒன்று எப்பொழுதும் இருந்தே தீரவேண்டும். ஒன்றை விடுமுன் மற்றொன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். மரம் ஏறுபவன் மேற்கிளையைப் பிடித்த பிறகே கீழ்க்கிளையை விடுவதுபோல என்க.

உயரத்தால் பிரிக்கும் முறை மிக எளிது. இரண்டு விமானங்களுக்கு இடையே குறைந்தது 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர் இருத்தல் வேண்டும். ஆனால் உயரத்தை எப்படி அளப்பது? விமானத்திலுள்ள உயரமானி உண்மையில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். அக்குறைவை அது அடிக்கணக்கில் காட்டும். காற்றழுத்தமோ ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறுவது. அவ்வாறாயின், அளவு பிழைபடாதா? பிழைபடத்தான் செய்யும். அதற்கு ஓர் அழகிய தீர்வு கண்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட உயரத்தைக் கடந்தபின், எல்லா விமானங்களும் தம் உயரமானியை 1013.2 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அளவுக்குத் திருப்பி வைத்துவிடும். அப்பொழுது 35,000 அடி என்று கருவி காட்டும் உயரம், கடல் மட்டத்திலிருந்து மெய்யாகவே 35,000 அடியாக இராமற் போகலாம். ஆனால் அதே இடத்தில் பறக்கும் மற்ற விமானங்களும் அதே அளவில் பிழைபடும். எல்லோரும் ஒருசேரப் பிழைபட்டால், இடைவெளி பிழைபடாது! தனித்தனியே சரியாக இருப்பதினும், எல்லோரும் ஒரே அளவுகோலைக் கைக்கொள்வதே இங்கே முதன்மையானது. இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் பயன்படும்.

திசைக்கேற்ற உயரங்களும் வகுக்கப்பட்டுள்ளன. கிழக்குப் பாதித் திசையில் செல்வோர்க்கு 35,000, 37,000 என ஒற்றைப்படை ஆயிரங்கள். மேற்குப் பாதித் திசையில் செல்வோர்க்கு 34,000, 36,000 என இரட்டைப்படை ஆயிரங்கள். இது பொது விதி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானமும் அங்கிருந்து வரும் விமானமும் ஒரே பாதையில் எதிரெதிரே வந்தாலும், ஒன்று மேல் மாடியிலும் மற்றொன்று கீழ் மாடியிலும் செல்கின்றன. 29,000 அடிக்கு மேலே, காற்று மெலிந்திருப்பதால் உயரமானியின் நுட்பம் குறையும் என்று கருதி, முன்னர் 2,000 அடி இடைவெளி விட்டார்கள். கருவிகள் திருந்தியபின், 1997ஆம் ஆண்டு தொடங்கி வட அட்லாண்டிக் வானவெளியிலும், 2003ஆம் ஆண்டில் இந்திய வானவெளியிலும், 41,000 அடி வரையில் அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது.

ஒரே உயரத்தில் செல்வனவற்றைத் தூரத்தால் பிரிக்க வேண்டும். ராடார் கண்காணிப்பு உள்ள இடத்தில் பொதுவாக 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர். விமான நிலையத்தை அண்மிய பகுதியில், தகுந்த ராடார் வசதி இருப்பின், 3 கடல் மைல். “இவ்வளவு தூரமா?” என்று வியக்காதீர்கள். முன் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: எதிரெதிரே வரும் இரு விமானங்களுக்கு 9 கிலோமீட்டர் என்பது 18 விநாடிகளே. வங்காள விரிகுடாவின் நடுவே ராடாரின் பார்வை எட்டாது. அத்தகைய இடங்களில் விமானிகள் அனுப்பும் நிலை அறிக்கைகளைக் கொண்டே பிரிக்க வேண்டியிருப்பதால், இடைவெளி பத்து நிமிஷங்கள் என்றோ, பல பத்துக் கடல் மைல்கள் என்றோ விரிந்துவிடும். எவ்வளவுக்கு நன்றாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நெருங்கலாம். தெரியாத இடத்தில் விலகியே நிற்க வேண்டும் என்பது இவ்விதிகளின் உட்கருத்து.

கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் அபாயமும் உண்டு. பெரிய விமானத்தின் இறக்கை முனைகளிலிருந்து சுழற்காற்று எழுந்து பின்னே தங்கும். சிறிய விமானம் அதில் அகப்பட்டால் புரண்டுவிடக்கூடும். ஆதலால், கனத்த ஜெட் விமானத்தின் பின்னே இறங்க வரும் சிறிய விமானத்துக்கு 6 கடல் மைல் இடைவெளி விதிக்கப்படுகிறது.

இந்த இடைவெளிகளைக் காப்பவர் கட்டுப்பாட்டு அலுவலர். ஓடுபாதையும் அதன் சுற்றுப்புறமும் கோபுரத்தில் இருப்பவர் பொறுப்பு. வந்திறங்குவதும் கிளம்பி ஏறுவதும் அணுகுமுறைக் கட்டுப்பாட்டின் பொறுப்பு. நெடுவழியில் செல்லும்போது வட்டாரக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பு. ஒருவர் எல்லை முடியுமிடத்தில் அடுத்தவரிடம் விமானத்தை ஒப்படைப்பார். யார் பொறுப்பிலும் இல்லாத விநாடி ஒன்றுகூட இருக்கலாகாது.

இனி, கிளியரன்ஸ் எனப்படும் அனுமதிக்கு வருவோம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் புறப்பட வேண்டும் என்று கொள்வோம். யந்திரம் இயங்கத் தொடங்குமுன்பே விமானி வானொலியில் அனுமதி கேட்பார். கிடைக்கும் விடையில் ஐந்து செய்திகள் அடங்கியிருக்கும்: எந்த இடம் வரையில் செல்ல அனுமதி, எந்த வழியாக, எந்த உயரத்தில், கிளம்பியதும் எவ்வாறு திரும்பி ஏறுவது, ராடாரில் அடையாளம் காட்டுவதற்குரிய நான்கிலக்க எண் எது. அந்த எண்ணில் 8, 9 என்ற இலக்கங்கள் வாரா; 0 முதல் 7 வரையுள்ள எட்டு இலக்கங்களே. எட்டை நான்கு முறை பெருக்கினால் 4,096. அத்தனை எண்களே உள. அவற்றுள் 7700 ஆபத்தைக் குறிக்கும். 7600 வானொலி பழுதானதைக் குறிக்கும்.

இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்றை நன்கு உணர வேண்டும். மேற்சொன்னது வழிக்குரிய அனுமதி. புறப்படுவதற்குரிய அனுமதி அன்று. “இன்ன வழியில், இன்ன உயரத்தில் செல்லலாம்” என்று சொல்லப்பட்டதனாலேயே விமானம் ஓடிவிடலாகாது. ஓடுபாதை வெறுமையாக இருக்கிறது என்று கோபுரம் உறுதி செய்துகொண்டு, “புறப்படலாம்” என்று தனியாக ஒரு சொல் கொடுக்க வேண்டும். தேர்வெழுதும் கூடத்தில் வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டதனால் எழுதத் தொடங்கலாம் என்று பொருளாகுமா? மணி அடிக்க வேண்டும் அன்றோ? அதுபோல என்க.

இச்சொற்கள் செல்லும் வாகனம் வானொலி. பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளே பயன்படுகின்றன. இவை நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டிச் செல்லா. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு ஏறத்தாழ 200 கடல் மைல் வரையில் எட்டும். அதற்கப்பால் நடுக்கடலில் நெடுந்தூரச் சிற்றலைகளையும், செய்மதி வழியாக எழுத்திலே வரும் செய்திகளையும் நாட வேண்டும். ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் செவிசாய்த்திருக்கும்; ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தாம் பேசலாம். தொலைபேசியில்போல் இருவரும் ஒருசேரப் பேசவும் கேட்கவும் இயலாது. இருவர் ஒரே விநாடியில் பேசிவிட்டால் இரண்டு பேச்சும் கெட்டு, காதைத் துளைக்கும் ஒரு கீச்சொலியே மிஞ்சும்.

இவ்வளவு குறுகிய வாயிலில் செல்லும் சொல் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். ஆகவே உலகம் முழுவதற்கும் ஒரே சொற்றொகுதியை வகுத்தார்கள். ஆங்கில எழுத்துகளில் பி, டி, சி முதலியவை ஒலியில் ஒன்றுபோல் மயங்கும். ஆதலால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல். இன்றுள்ள இவ்வரிசை 1956ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. எண்களிலும் இவ்வெச்சரிக்கை உண்டு: ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் ஒலிக்க வேண்டும், இரைச்சலில் ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் ஒன்றாகக் கேட்கும். திரைப்படங்களில் நீங்கள் கேட்கும் ‘ராஜர்’ என்ற சொல்லுக்கு, “நீர் சொன்னது முழுவதும் கேட்டது” என்பது மட்டுமே பொருள். “ஆம்” என்றோ, “அப்படியே செய்கிறேன்” என்றோ பொருளன்று. செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ என்ற தனிச்சொல் உண்டு. முன்னே உயரமானியைப் பற்றிச் சொன்னேனே, அதுவே இங்கும்: அவரவர் தமக்கு நன்றாகத் தோன்றும் சொல்லை ஆளாமல், எல்லோரும் ஒரே அளவுகோலைக் கைக்கொள்கிறார்கள்.

இவையனைத்தினும் தலையாய விதி ஒன்று உண்டு. அது திருப்பிச் சொல்லுதல். வழி, உயரம், திசை, வேகம், அழுத்த அளவு, அடையாள எண், ஓடுபாதையில் நுழைவது, கடப்பது, புறப்படுவது, இறங்குவது ஆகிய எதைப் பற்றிக் கோபுரம் சொன்னாலும், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். “சரி” என்று தலையாட்டினால் போதாது. அவ்வளவுடன் முடிவதுமில்லை: திருப்பிச் சொன்னதைக் கட்டுப்பாட்டு அலுவலர் கவனித்துக் கேட்டு, பிழையிருப்பின் அக்கணமே திருத்த வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் இது புதிதன்று. பாடம் சொல்லி முடித்ததும் “விளங்கிற்றா?” என்று கேட்டால், வகுப்பு முழுவதும் “விளங்கிற்று ஐயா” என்றே ஒலிக்கும். அது விடையாகாது. ஒரு மாணவனை எழுப்பி, “நான் சொன்னதை நீ சொல்” என்றால்தான், என் வாயிலிருந்து புறப்பட்டது அவன் உள்ளத்தில் எவ்வடிவில் சென்று சேர்ந்தது என்பது தெரியும். சொல்லியது போதாது, சென்று சேர்ந்ததை அறிய வேண்டும்.

இவ்விதிகள் தளர்ந்தால் என்னவாகும் என்பதை உலகம் ஒரு நாள் கண்டது. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், அட்லாண்டிக் கடலிலுள்ள கானரித் தீவுகளில், கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் அருகிலுள்ள டெனரீஃப் தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அங்கே இருந்தது ஒரே ஓடுபாதை. நின்றிருந்த விமானங்களால் பக்கப்பாதை அடைபட்டுப் போயிற்று. ஆகையால், புறப்பட வேண்டிய டச்சு நாட்டு போயிங் 747 விமானம் ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்து மறுகோடிக்குச் சென்று திரும்பி நின்றது. அதன் பின்னே அமெரிக்க போயிங் 747 விமானமும் அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. தாழ்ந்த மேகம் மூடியிருந்தது. கோபுரத்திலிருந்து விமானங்கள் தெரியவில்லை. அவை ஒன்றையொன்றும் காணவில்லை. தரையைக் காட்டும் ராடாரும் அங்கில்லை. எஞ்சியது வானொலி ஒன்றே.

டச்சு விமானம் அனுமதி கேட்டது. கோபுரம் வழிக்குரிய அனுமதியை மட்டும் கூறியது. ஆனால் அந்த வாசகத்துள் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லும் வந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொன்னார். இறுதியில், “நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்” என்ற கருத்துப்பட, முறையில் இல்லாத ஒரு வாசகத்தைச் சேர்த்தார். தலைமை விமானி அப்பொழுதே யந்திரங்களை முடுக்கிவிட்டார். “புறப்படத் தயாராக நிற்கிறோம் என்கிறார்கள்” என்று கோபுரம் பொருள்கொண்டது. “ஓகே” என்று தொடங்கி, ஒரு கணம் கழித்து, “காத்திரும், நான் அழைக்கிறேன்” என்று சொல்லிற்று. அதே கணத்தில் அமெரிக்க விமானமும், “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்று அறிவித்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் கீச்சொலியாயின. டச்சு விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது “ஓகே” என்பதே. அவ்விமானத்துப் பொறியாளர் ஒருவர், “அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையோ?” என்று ஐயுற்றுக் கேட்டார், தலைமை விமானி விலகிவிட்டதாக உறுதியாகக் கூறிவிட்டார். சில விநாடிகளில் இரண்டும் மோதின. 583 உயிர்கள் போயின. 61 பேரே பிழைத்தனர். விமான வரலாற்றில் விபத்தொன்றில் அதனினும் அதிகமானோர் மாண்டதில்லை.

அங்கே யந்திரம் பழுதாகவில்லை. அனுபவம் இல்லாதவரும் எவருமில்லை. வழிக்குரிய அனுமதியும் புறப்படுவதற்குரிய அனுமதியும் ஒரு சொல்லின் மயக்கத்தால் ஒன்றாகிவிட்டன. அதன்பின் விதி திருத்தப்பட்டது: மெய்யாகவே புறப்பட அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததைத் திரும்பப் பெறும்போதும் அல்லாமல் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை எவரும் உச்சரிக்கலாகாது, மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்ல வேண்டும். ஒரு சொல்லை ஒரே ஒரு பொருளுக்கெனக் காவலிட்டு வைத்தார்கள்.

நம் நாட்டிலும் ஒரு துயரம் நேர்ந்தது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, டில்லியிலிருந்து சவூதி அரேபிய போயிங் 747 விமானம் 312 பேருடன் புறப்பட்டு 14,000 அடிக்கு ஏறியது. டில்லியை நோக்கிக் கஜகஸ்தான் நாட்டு இல்யூஷின் விமானம் 37 பேருடன் இறங்கி வந்தது. அதற்கு 15,000 அடிக்குக் கீழே இறங்கலாகாது என்பது கட்டளை. ஏறுபவையும் இறங்குபவையும் அக்காலத்தில் ஒரே வான்வழியைப் பகிர்ந்துகொண்டன. ஆகவே இரண்டுக்கும் நடுவே நின்ற காவல் அந்த 1,000 அடி ஒன்றே. டில்லியில் அப்போது இருந்த ராடார், விமானம் இருக்குமிடத்தைக் காட்டும். அதன் உயரத்தைக் காட்டாது. கட்டுப்பாட்டு அலுவலர், எதிரே விமானம் வருவதையும், அதன் தூரத்தையும், உயரத்தையும் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொன்னார். ஆயினும் அது தனக்கு விதித்த உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. அரியானாவின் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே, மேகத்துக்குள், இரண்டும் மோதின. ஒருவரும் பிழைக்கவில்லை, 349 பேர் மாண்டனர்.

நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. அந்த விமானத்தில் கோபுரத்தோடு பேசும் பணி, தனியாக ஒரு வானொலி இயக்குநரிடம் இருந்தது. அவருக்கெனத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அறிய வேண்டும். விமானத்தைச் செலுத்தியவர்களுக்கோ ஆங்கிலப் பயிற்சி போதாது. காதில் கேட்டவர் ஒருவர். கையால் செலுத்தியவர் வேறொருவர். கோபுரத்துக்கு விடை போயிற்று; ஆனால் அச்சொல் செலுத்துபவரின் கைக்குச் சென்று சேரவில்லை. திருப்பிச் சொல்லுதல் என்பது வாயளவில் நின்றால் பயனில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் டில்லியில் வரும் வழியும் போகும் வழியும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ராடார் வந்தது. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியை விமானங்களில் பொருத்துவதை இந்தியா கட்டாயமாக்கியது. சர்வதேச வானொலிப் பேச்சுக்கு வேண்டிய மொழித் திறனை ஆறு படிகளாக வகுத்து, நான்காம் படியையேனும் விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் எட்ட வேண்டும் என்ற சர்வதேச விதி 2008ஆம் ஆண்டுமுதல் செயலுக்கு வந்தது. மனப்பாடம் செய்த வாசகங்கள் இயல்பான நாளில் போதும். எதிர்பாராதது நேரும்போது, உள்ளபடி எடுத்துச் சொல்ல மொழி வேண்டும்.

“அந்த எச்சரிக்கைக் கருவி வந்துவிட்டதே, இனி மனிதச் சொல் எதற்கு?” என்று கேட்பீர்கள். கருவி இரண்டு விமானங்களோடும் தானே பேசி, ஒன்றை “ஏறு” என்றும் மற்றதை “இறங்கு” என்றும் பணிக்கும். 2002ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இரவு, தெற்கு ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, ருஷிய விமானம் ஒன்றைக் கருவி “ஏறு” என்றது. தரையிலிருந்த கட்டுப்பாட்டு அலுவலரோ “இறங்கு” என்றார். விமானி மனிதச் சொல்லைக் கேட்டு இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானமோ கருவியின் சொற்படி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் மாண்டனர். அவருள் பலர் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு குரல்கள் முரண்பட்டால் எதற்குச் செவிசாய்ப்பது என்பது அன்றுவரை உலகெங்கும் ஒருமித்துத் தெளிவாக்கப்படவில்லை. பின்னர் அது ஐயமின்றி வகுக்கப்பட்டது: கருவி கட்டளையிட்டால் கருவியின்படியே செல்ல வேண்டும், அதைக் கோபுரத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அக்கட்டளை நீங்கும் வரையில் கோபுரம் அவ்விமானத்தின் போக்கை மாற்றச் சொல்லலாகாது. கருவி பெருகியதனால் சொல்லின் பொறுப்புக் குறையவில்லை. யார் சொல், எப்பொழுது, எவர்மேல் செல்லும் என்பதை முன்னிலும் நுட்பமாக வரையறுக்க வேண்டியதாயிற்று.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் விமானிகளாகலாம். சிலர் கட்டுப்பாட்டு அலுவலர்களாகலாம். பெரும்பாலோர் வேறு தொழில்களுக்குச் செல்வீர்கள். அறுவை மருத்துவத்திலும், ரயில் நிலையத்திலும், மின்சார நிலையத்திலும் ஒருவர் சொல்லை நம்பி மற்றொருவர் உயிர் இருக்கும். அங்கெல்லாம் இந்த வானவெளி விதி பயன்படும்: ஐயத்துக்கு இடமில்லாத சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள், உங்களிடம் திருப்பிச் சொல்லப்படுவதைக் கருத்தோடு கேளுங்கள், ஐயம் தோன்றினால், மேலவர் எவராயினும், “மறுபடியும் சொல்லுங்கள்” என்று கேட்கக் கூசாதீர்கள். டெனரீஃபில் ஒருவர் அவ்வாறு கேட்டார். விடாது மேலும் கேட்டிருந்தால், அன்று ஓடுபாதையில் எத்தனை பேர் உயிர் பிழைத்திருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.